குழந்தைங்க கேன்சர் வார்டுல பர்த்டே கேக் வெட்டலாமா, இல்ல வேற என்ன செய்யலாம்?

வேப்பம்பூ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் என் பொண்ணுக்கு ஏழு வயசு முடியுது. போன வருஷம் ஹால் புக் பண்ணி பலூன் கட்டி ரிட்டர்ன் கிஃப்ட் குடுத்து நாப்பதாயிரம் ரூபா ஆச்சு, மறுநாள் பாத்தா வந்த கிஃப்ட்ல பாதி பிரிக்காமயே கிடக்கு. அதனால இந்த வருஷம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரில குழந்தைங்க கேன்சர் வார்டுக்கு போய் கேக் வெட்டி எல்லா பிள்ளைங்களுக்கும் பொம்மை குடுத்துட்டு வரலாம்னு நானும் வீட்டுக்காரரும் பேசி வெச்சோம்.

சென்னையில ஒரு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணேன். எடுத்தவங்க பொறுமையாதான் பேசினாங்க. கேக் உள்ள விடமாட்டோம், போட்டோ எடுக்கக்கூடாது, பொம்மைன்னா என்ன பொம்மைன்னு முன்னாடியே சொல்லணும்னு சொன்னாங்க, சரின்னு கேட்டுக்கிட்டேன். கடைசில ஒண்ணு கேட்டாங்க: "வாரத்துல ஒரு நாள், ரெண்டு மணி நேரம், ஆறு மாசம் விடாம வர முடியுமாம்மா?" எனக்கு பதில் வரல. யோசிச்சு சொல்றேன்னு வெச்சுட்டேன்.

நாலு நாளா அந்தக் கேள்வி மனசுலயே நிக்குது. எனக்கு செவ்வாய்க்கிழமை வீக் ஆஃப். நேரம் இருக்கு. ஆனா நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, அங்க போய் ரெண்டு மணி நேரம் என்னதான் பண்ணுவேன்? இன்னொண்ணு, அந்தப் பிள்ளைங்கள பாத்தா நான் அழுதுடுவேன்னு பயமா இருக்கு. போய்ட்டு வந்தவங்க யாராவது உண்மையா சொல்லுங்க.

மதுரக்காரன் எழுதியது:

நல்ல எண்ணம்ங்க, தயங்காம போங்க. நாங்க காலேஜ் படிக்கும்போது என்எஸ்எஸ்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு போனோம், ஆப்பிள், ஆரஞ்சு, டெடி பேர் எல்லாம் வாங்கிட்டு போய் குடுத்தோம், பிள்ளைங்க முகத்துல அவ்ளோ சந்தோஷம். ரூல்ஸ் அது இதுன்னு சொல்லி வர்றவங்களையும் விரட்டிடறாங்க சில இடத்துல.

நடைவண்டி எழுதியது:

வேப்பம்பூ, போன்ல பேசினவங்க கேட்டது சரியான கேள்வி. நான் எட்டு வருஷமா வியாழக்கிழமை காலையில ஒரு குழந்தைங்க கேன்சர் வார்டுக்கு போறேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல, அங்க இருக்கற குடும்பங்கள யாரும் அடையாளம் கண்டுபிடிச்சிடக்கூடாது, அதுக்காகத்தான்.

முதல்ல அங்க என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும். பிள்ளைங்களுக்கு வர்ற கேன்சர்ல அதிகமா பாக்கறது ரத்தப் புற்றுநோய், அதுலயும் ஏ.எல்.எல்.னு ஒரு வகை. இது ஒரு வாரத்துலயோ ஒரு மாசத்துலயோ முடியற வைத்தியம் இல்ல, ரெண்டு வருஷத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் இழுக்கும். முதல் சில மாசம் கடுமையா இருக்கும், அப்புறம் மெயின்டெனன்ஸ்னு மாத்திரையும் ஊசியுமா ஓடும். முழுசா முடிச்சிட்டா பெரும்பாலான பிள்ளைங்க பொழைச்சுக்கறாங்க, வசதியான நாடுகள்ல பத்துக்கு எட்டு பிள்ளைங்களுக்கு மேல குணமாகுது. இங்க பெரிய இடி என்னன்னா நடுவுல விட்டுட்டு ஊருக்கு போயிடறது. பிள்ளைக்கு முடி திரும்ப முளைக்குது, ஓடி ஆடுது, நல்லாதானே இருக்கான்னு தோணும், ஊர்ல இன்னொரு பிள்ளை பாட்டிகிட்ட கிடக்குது, அப்பாவுக்கு கூலி போகுது, பஸ்ஸுக்கு காசில்ல, கிளம்பிடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு நோய் திரும்பி வந்து நிக்கும்போது மருந்து முன்ன மாதிரி கேக்காது.

அதனால வாலன்டியர் வேலைன்னா பிள்ளைங்கள சிரிக்க வைக்கறதுன்னு மட்டும் நெனச்சுடாதீங்க. அந்தக் குடும்பம் பாதில பையக் கட்டாம இருக்கணும், நம்ம வேலை அதுக்குத்தான். நான் எட்டு வருஷத்துல கத்துக்கிட்டது அந்த ஒண்ணுதான்.

ஒரு நாள் நடந்தத சொல்றேன். முதுகுத்தண்டுல மருந்து ஏத்தற நாள் இருக்கு, வார்டுல எல்லாரும் முதுகு ஊசின்னுதான் சொல்வாங்க. மயக்கம் குடுப்பாங்க, அதனால காலையிலேர்ந்து வெறும் வயிறு. அஞ்சு வயசுப் பையன், வரிசையில ஏழாவது, மணி பதினொண்ணு ஆயிடுச்சு. அதோட ஸ்டீராய்டு மாத்திரை ஓடற வாரம் வேற, அந்தப் பசி சாதாரண பசி இல்லீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பிரியாணி வேணும்னு அழ வைக்கற பசி. பிள்ளை பட்டினியா இருக்கையில தான் மட்டும் எப்படி சாப்பிடறதுன்னு அவங்கம்மாவும் காலையிலேர்ந்து பல்லுல தண்ணி படாம உக்காந்திருக்காங்க, முந்தின நாள் ராத்திரியும் ஒண்ணும் சாப்பிடலையாம். நான் போய் அவன் பக்கத்துல உக்காந்து நோட்ட நீட்டி, உங்க ஊர் பஸ் எப்படி இருக்கும், எனக்கு வரைஞ்சு காட்டேன்னு கேட்டேன். அவன் பஸ்ஸுக்கு ஒன்பது சக்கரம் போட்டான், டிரைவருக்கு மீசை போட்டான், கண்டக்டர் கையில விசில் பஸ்ஸ விட பெருசா இருந்துச்சு. அதுக்குள்ள அவங்கம்மாவ அம்மா உணவகத்துக்கு அனுப்பினேன், ஒரு ரூபா இட்லி நாலு தின்னுட்டு கால் மணி நேரத்துல ஓடி வந்துட்டாங்க. வர்றப்ப வாயக் கொப்பளிச்சு, முந்தானையால முகத்த ரெண்டு மூணு தடவ அழுத்தித் துடைச்சிட்டே வந்தாங்க, பிள்ளைக்கு சாம்பார் வாசம் வந்துடக்கூடாதுன்னு.

அந்த கால் மணி நேரம்தான் நம்ம வேலை. அம்மா குளிச்சிட்டு வரணும், துணி அலசணும், மருந்தகத்து வரிசையில நிக்கணும், ஒரு மணி நேரம் தூங்கணும். பிள்ளை கையில ட்ரிப்ஸ் ஓடறப்ப யாரையாவது நம்பி விட்டுட்டு போகணுமே, போன வாரம் பாத்த முகம்னாதான் நம்புவாங்க. வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம்னு அடிச்சு சொல்றது அதுக்குத்தான்.

நான் முதல் வருஷம் ஒரு தப்பு பண்ணேன். ரெண்டு வியாழக்கிழமை சொல்லாம கொள்ளாம போகல, வீட்ல விசேஷம். மூணாவது வாரம் போனா ஒரு சின்னப் பொண்ணு பாதி கலர் அடிச்ச மயில தலகாணிக்கு அடியில வெச்சிருக்கு. அக்கா வந்துதான் மீதி அடிக்கணும், யாரும் தொடாதீங்கன்னு சிஸ்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கு. அன்னிலேர்ந்து வர முடியலன்னா முன்னாடியே போன் பண்ணி அந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்லச் சொல்லிடுவேன்.

அழுகை வரும். மாடிப்படி பக்கம் போய் அழுதுட்டு முகம் கழுவிட்டு வாங்க. அவங்க முன்னாடி அழுதா அந்த அம்மா உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, அவங்களுக்கு அந்த பாரமும் வேணாம்.

அடையாறு_வாசி எழுதியது:

நடைவண்டி சொல்றது எனக்கு புரியுது, ஆனா எல்லாராலயும் ஆறு மாசம் ஒப்புக்க முடியாது இல்லையா? வேலை, வயசான அப்பா அம்மா, இதுக்கு நடுவுல வருஷத்துக்கு ஒரு நாள் வந்து ஏதாவது செய்யணும்னு நினைக்கறவங்கள ஒதுக்கறது நியாயமா படல. எங்க ஏரியாவுல இருக்கற கேன்சர் இன்ஸ்டிட்யூட்டே அப்படி வந்ததுதானே. முத்துலட்சுமி ரெட்டி அம்மா தங்கச்சிய கேன்சர்ல பறிகுடுத்தவங்க, இந்திய மாதர் சங்கத்து பொம்பளைங்களோட சேர்ந்து ஊர் ஊரா பணம் திரட்டி 1954-ல பன்னெண்டு படுக்கையோட ஆரம்பிச்சாங்க. ஒரு ரூபா ரெண்டு ரூபா குடுத்தவங்களும் அதுல உண்டு, அவங்கல்லாம் வாராவாரம் வந்தவங்களா?

நடைவண்டி எழுதியது:

அடையாறு வாசி, நீங்க சொல்றது நியாயம்தான். ஒரு நாள் மட்டும் முடியும்னா அதுக்கும் வேலை கிடக்கு. ஆனா அது வார்டுக்குள்ள வர்ற வேலை இல்ல. பிளேட்லெட் குடுங்க, ரத்தம் உறைய வைக்கற அணு அது. வெளியூர் குடும்பம் தங்கற இடத்துக்கு அரிசி பருப்பு எண்ணெய் வாங்கிப் போடுங்க. சென்ட் ஜூட்ஸ்னு ஒரு அமைப்பு 2006-ல மும்பைல ஆரம்பிச்சது, சென்னையிலயும் இருக்கு, கேன்சர் வந்த பிள்ளையும் அப்பா அம்மாவும் காசில்லாம தங்கிக்கலாம், அது மாதிரி இடங்களுக்கு குடுங்க. பிள்ளை பக்கத்துல வந்து உக்காந்து பேர் கேட்டு, பழகி, நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வராம போறத மட்டும்தான் வேணாம்னு சொல்றேன்.

ராத்திரி_டூட்டி எழுதியது:

நான் ஸ்டாஃப் நர்ஸ், பதினாலு வருஷ சர்வீஸ், அதுல ஒன்பது வருஷம் குழந்தைங்க கேன்சர் வார்டு. மதுரக்காரன் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. கீமோ போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல வெள்ளை அணு கவுண்ட் தரைக்கு வந்துடும், அப்ப நமக்கு சாதாரண சளியா இருக்கறது அந்தப் பிள்ளைக்கு ஐசியு வரைக்கும் போயிடும். காய்ச்சல் 38 டிகிரி தாண்டுச்சுன்னா நாங்க கடிகாரத்த பாத்துட்டே ஓடுவோம், ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் உள்ள போகணும். அதனால வெட்டி வெச்ச பழம், வெளியில செஞ்ச கேக், க்ரீம், பூங்கொத்து எதுவும் ஆகாது. டெடி பேர்ல தூசியும் கிருமியும் தங்கும், அத துடைக்க முடியாது. பிளாஸ்டிக் பொம்மைன்னா ஸ்பிரிட் போட்டு துடைச்சிடலாம். க்ரேயான் வாங்கினா சின்னச் சின்ன டப்பாவா ஆளுக்கு ஒண்ணு வாங்குங்க, ஒரே பெரிய டப்பா வாங்கி நடுவுல வெச்சிடாதீங்க.

சளி, இருமல், வயித்துப்போக்கு, கண்வலி இருந்தா வராதீங்க. ரொம்ப முக்கியம், வீட்ல யாருக்காவது அம்மை போட்டிருந்தா மறைக்காதீங்க. நம்ம ஊர்ல அம்மா வந்திருக்கான்னு வேப்பிலை கட்டி வெளியில சொல்லாம இருப்பாங்க, அந்த மரியாதை உங்க வீட்டோட இருக்கட்டும், எங்களுக்கு ஒரு போன் மட்டும் பண்ணிட்டு மூணு வாரம் வராம இருங்க. சின்னம்மை இந்தப் பிள்ளைங்க உயிரையே எடுத்துடும்.

அப்புறம் வைத்தியம் சொல்றது. ஒரு வாலன்டியர் நல்ல மனசோடதான் ஒரு அம்மாகிட்ட பப்பாளி இலைச் சாறு குடுங்க, பிளேட்லெட் ஏறும்னு சொல்லிட்டு போயிட்டாங்க. அந்த அம்மா பச்சையா அரைச்சு குடுத்துட்டாங்க. கவுண்ட் இல்லாத பிள்ளைக்கு பச்சை இலைச் சாறு. அன்னிக்கு ராத்திரி டூட்டி நான்தான், அந்தப் பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் விடிய விடிய. அந்த அம்மா நான்தான் குடுத்தேன் நான்தான் குடுத்தேன்னு தலையில அடிச்சிக்கிட்டது இன்னும் கண்ணுலயே நிக்குது. எத கேட்டாலும் டாக்டர கேளுங்கம்மான்னு சொல்லிடுங்க. எந்த ஸ்டேஜ்னு கேக்காதீங்க, எல்லாம் சரியாயிடும்னும் சொல்லாதீங்க, உங்களுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது. எங்க சாமிய கும்பிடுங்கன்னு நோட்டீஸ் குடுக்க வர்றவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம்.

உள்ள வந்ததும் கைய கழுவுங்க, ஒவ்வொரு படுக்கைக்கு போறதுக்கு முன்னாடியும் திரும்ப கழுவுங்க. வளையல், மோதிரம் இல்லாம வந்தா இன்னும் நல்லது. இவ்வளவு செய்ற வாலன்டியர் ஒருத்தர் இருந்தா எங்களுக்கு ரெண்டு கை கூடுதலா கிடைச்ச மாதிரி, நாங்களே வாசல்ல வந்து கூட்டிட்டு போவோம்.

மதுரக்காரன் எழுதியது:

சிஸ்டர், படிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்தே இருந்தேன். பதினைஞ்சு வருஷம் முன்னாடி நாங்க குடுத்த டெடி பேரு இப்ப ஞாபகம் வருது, எங்களுக்கு யாரும் சொல்லலீங்க, நாங்களும் கேக்கல. ஓ பாசிட்டிவ் நான். பிளேட்லெட் குடுக்க என்ன பண்ணணும்னு சொல்லுங்க, இந்த வாரமே போறேன்.

ராத்திரி_டூட்டி எழுதியது:

நல்லது தம்பி. பிளேட்லெட்ட அஞ்சு நாளைக்கு மேல சேத்து வைக்க முடியாது, அதனாலதான் எப்பவும் தட்டுப்பாடு. மெஷின்ல உக்காந்து பிளேட்லெட் மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மீதி ரத்தத்த உங்க உடம்புக்கே திருப்பிடுவாங்க, ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்பது கிலோவுக்கு மேல எடை இருக்கணும், கை நரம்பு நல்லா இருக்கணும், மூணு நாளுக்குள்ள ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக்கூடாது. உங்க ஊர் பெரிய ஆஸ்பத்திரி ரத்த வங்கில பேரும் நம்பரும் குடுத்து வைங்க, தேவைப்படறப்ப கூப்பிடுவாங்க. வாட்ஸ்அப்ல சுத்தற பழைய மெசேஜ நம்பி ஓடாதீங்க, நானே மூணு வருஷம் முன்னாடி போன பிள்ளையோட பேர்ல இன்னும் மெசேஜ் சுத்தறத பாத்திருக்கேன்.

ஆரணிக்காரன் எழுதியது:

இந்த இழைய என் தங்கச்சி அனுப்பினா. நான் எழுதறவன் இல்ல, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. ஆரணியில பட்டு நெசவு செய்றேன். என் பையனுக்கு ஆறு வயசுல ரத்தப் புற்றுநோய்னு சொன்னாங்க. இப்ப அவனுக்கு பதிமூணு, எட்டாவது படிக்கிறான், நேத்து கூட சைக்கிள்ல விழுந்து முட்டிய பேத்துக்கிட்டு வந்தான்.

டாக்டர் அன்னிக்கு அரை மணி நேரம் பேசினார். கேன்சர்ன்ற வார்த்தைக்கு அப்புறம் அவர் பேசினது எதுவும் என் காதுல ஏறல. வெளிய வந்து வராண்டாவுல நின்னப்ப ஒரு அக்கா வந்து, சாப்டீங்களான்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேட்டுச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு சரியா தெரியாது. ரேஷன் கார்டு, ஆதாரு, விஏஓ வருமானச் சான்று எல்லாத்தையும் ஒரு தாளுல எழுதி, எந்த கவுன்டர்ல போய் நிக்கணும்னு அம்புக்குறி போட்டு குடுத்துச்சு. அந்தத் தாளு இன்னும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு. இப்ப வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா கிடைக்குதுன்றாங்க, தெரியாதவங்களுக்கு யாராவது சொல்லுங்க.

ஏழாவது மாசம் நான் பையக் கட்டிட்டேன். தறி நின்னு கிடக்கு, முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் ஏறிட்டே போகுது, பொண்ணு மூணு வயசு, அம்மா முகமே மறந்து போய் பாட்டிய அம்மான்னு கூப்பிடுது. பையன் மொட்டையோட நல்லாதான் விளையாடறான். பஸ்ல போனா பக்கத்து சீட்டு அம்மா, எந்தக் கோயில்ல மொட்டை, பழனியா திருப்பதியான்னு கேக்குது. எம்பொண்டாட்டி திருப்பதின்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா. ஒவ்வொரு தடவையும் இதே. போதும்டா சாமின்னு ஆயிடுச்சு.

அந்த அக்கா பையப் பாத்துச்சு. போகாதீங்கன்னு சொல்லல. அடுத்த ஊசி என்னிக்குன்னு கேட்டுச்சு, பதினெட்டாம் தேதின்னேன். போய்ட்டு பொண்ண பாத்துட்டு பதினேழாம் தேதி ராத்திரி வந்துடுங்க, பஸ் காசு நான் பாக்கறேன், பதினெட்டாம் தேதி காலையில இவன் கூட நான் உக்காந்துக்கறேன்னுச்சு. பதினேழாம் தேதி சாயந்தரம் போன் பண்ணி, பஸ் ஏறிட்டீங்களான்னு கேட்டுச்சு. ஏறியிருக்கல, திண்ணையில உக்காந்திருந்தேன். அந்த போனுக்கு அப்புறம்தான் ஏறினேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஒரு தேதி கூட விடல.

நடைவண்டி அம்மா, ஒரு நாள் வர்றவங்கள பத்தி மட்டும் ஒண்ணு சொல்லணும். ராத்திரி பதினோரு மணிக்கு பிளேட்லெட் வேணும்னு சொல்லி நான் கண்டவங்களுக்கெல்லாம் போன் பண்ணிட்டு நின்னப்ப தாம்பரத்துலேர்ந்து ஒரு காலேஜ் பையன் பைக்ல வந்தான். குடுத்துட்டு வெளிய வந்து, அவனுக்கு குடுத்த பிஸ்கட் பாக்கெட்டையும் மாம்பழ ஜூஸையும் என் கையில வெச்சு, தம்பிக்கு குடுங்கண்ணான்னு சொல்லிட்டு போயிட்டான். பேர் கூட கேக்கல நானு. அவன் வந்தது ஒரே ஒரு தடவதான். பையனுக்கு அவன மாமான்னு சொல்லித்தான் வளத்திருக்கேன்.

பனங்கிழங்கு எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். ஆரணி அண்ணை எழுதினத வாசிச்சுப் போட்டு மனம் தாங்கேல்லை. எங்கட பக்கம் முந்தி கான்சர் எண்டால் கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற மகரகம ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும், ராத்திரி பஸ்ஸில ஏறி விடியப் போய் இறங்கிறது. 2011இல தெற்கில தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கில பருத்தித்துறை வரைக்கும் சனம் நடந்து காசு சேத்துத்தான் தெல்லிப்பழையில கான்சர் ஆஸ்பத்திரி கட்டினவை, அதுக்குப் பிறகு கனபேருக்கு அலைச்சல் குறைஞ்சுது.

நான் கொழும்பில வேலை செய்யேக்க ஞாயிற்றுக்கிழமையில ஒரு ஆஸ்பத்திரிக்குப் போவன், பிள்ளையளின்ர வாட்டுக்கு. எனக்கு சிங்களம் தெரியும், அதுதான் என்ர வேலை. வடக்கில இருந்து, மலையகத்தில இருந்து வாற அம்மாமாருக்கு டொக்டர் சொல்லுறது விளங்காது, கேக்கவும் பயம். ஒரு சின்னன் நோகுது நோகுது எண்டு அழுதுகொண்டே கிடந்தது, நேர்ஸ் நல்ல பிள்ளை, ஆனா அவவுக்குத் தமிழ் தெரியாது. நான் அந்தப் பிள்ளைக்கு "ரிதெனவா" எண்டு சொல்லக் காட்டிக் குடுத்தன், நேர்ஸுக்கு "நோகுதோ" எண்டு கேக்கக் காட்டிக் குடுத்தன். அடுத்த ஞாயிறு போனால் ரெண்டு பேரும் அந்த ரெண்டு சொல்லையும் வச்சுக் கதைச்சுக் கொண்டிருக்கினம். உங்களுக்கு வேற பாஷை ஏதும் தெரியுமெண்டால் கட்டாயம் சொல்லுங்கோ அங்க.

அடையாறு_வாசி எழுதியது:

பாஷை விஷயம் இங்கயும் அப்படித்தான். சென்னைக்கும் வேலூருக்கும் வங்காளம், அஸ்ஸாம், ஆந்திராவுலேர்ந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க. எனக்கு ஹைதராபாத்ல பத்து வருஷம் இருந்ததால தெலுங்கு சரளமா வரும், இது உதவும்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க. ரயில்ல வர்றவங்களுக்கு இன்னொண்ணு, கேன்சர் சிகிச்சைக்கு போற நோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் டிக்கெட் முழுசா இலவசம், கூட போறவங்க ஒருத்தருக்கு அதே வகுப்புல 75 சதவீதம் குறைப்பு. ஆஸ்பத்திரில அதுக்குன்னு ஒரு படிவத்துல டாக்டர் கையெழுத்து போட்டு தருவாங்க. எங்க அப்பாவுக்கு நான் எடுத்திருக்கேன், தெரிஞ்சுக்கறதுக்கே எனக்கு நாலு தடவ அலைச்சல் ஆச்சு.

நடைவண்டி, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்ல வேணாம்னா விட்டுடுங்க. பழகின பிள்ளை தவறிட்டா என்ன பண்ணுவீங்க?

நடைவண்டி எழுதியது:

சொல்றேன். நடக்கும். அத மறைச்சு யாரையும் இந்த வேலைக்கு கூப்பிடக்கூடாது.

பஸ் வரைஞ்ச பையன்னு மேல எழுதினேன் இல்ல, அவன் இல்ல இப்ப. நோய் திரும்பி வந்துச்சு. அன்னிக்கு வியாழக்கிழமையா இல்ல, ஞாயித்துக்கிழமை, சிஸ்டர் போன் பண்ணாங்க. போனேன். அந்த நேரத்துல ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுமே ஓடாது, ஆனா செய்ய வேண்டியது வரிசையா நிக்கும். கையெழுத்து, ஊருக்கு தகவல், வண்டி. அரசு அமரர் ஊர்தி இருக்கு, 155377-க்கு போன் பண்ணா காசில்லாம ஊர் வரைக்கும் கொண்டு போய் விடுவாங்க. இது தெரியாம வெளியில தனியார் வண்டிக்கு வட்டிக்கு வாங்கி பத்தாயிரம் இருபதாயிரம் குடுத்தவங்கள பாத்திருக்கேன். நான் போன் பண்ணேன். வண்டி வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரமும் அவங்கம்மா பக்கத்துல உக்காந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசல. ஆறுதல் சொல்லணும்னு வாய் துடிக்கும், சொல்லாதீங்க. விதி, சாமி கூப்பிட்டுக்கிச்சு, இன்னொரு பிள்ளை இருக்கே, எதுவும் வேணாம்.

கிளம்பறப்ப அவங்கம்மா அந்த நோட்டு எங்கன்னு கேட்டாங்க. என் பையிலதான் இருந்துச்சு. குடுத்தேன். முதல் பக்கத்த பிரிச்சு அந்த பஸ்ஸ பாத்தாங்க, சக்கரத்த ஒவ்வொண்ணா விரலால தொட்டு எண்ணினாங்க. மூடி மடியில வெச்சுக்கிட்டாங்க.

அடுத்த வியாழக்கிழமை நான் போகல. முன்னாடியே போன் பண்ணி சொல்லிட்டேன். அதுக்கு அடுத்த வாரம் போனேன். அந்தப் படுக்கையில கிருஷ்ணகிரி பக்கத்துலேர்ந்து வந்த ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு, அதோட அம்மா குளிச்சு மூணு நாளாச்சுன்னு சொன்னாங்க.

வேப்பம்பூ எழுதியது:

ரெண்டு மாசம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாரும் எழுதினத வீட்டுக்காரருக்கும் படிச்சு காட்டினேன். பொண்ணு பர்த்டே அன்னிக்கு வீட்லயே கேசரி பண்ணோம். அவர் காலையில போய் பிளேட்லெட் குடுத்துட்டு வந்தார், நாப்பதாயிரத்த அந்த குடும்பங்கள் தங்கற இடத்துக்கு அனுப்பிட்டோம்.

நான் அந்த ஆஸ்பத்திரிக்கு திரும்ப போன் பண்ணி ஆறு மாசம் வரேன்னு சொன்னேன். ஒரு நாள் ட்ரெய்னிங், போலீஸ் சரிபார்ப்பு, தடுப்பூசி விவரம் எல்லாம் கேட்டாங்க, மூணு வாரம் ஆச்சு. முதல்ல எரிச்சலா இருந்துச்சு, அப்புறம் என் பொண்ணு பக்கத்துல முன்ன பின்ன தெரியாதவங்கள யோசிக்காம உக்கார விடுவேனான்னு நெனச்சு பாத்தேன், கேக்கறது சரிதான்.

இது வரைக்கும் ஆறு செவ்வாய்க்கிழமை போயிருக்கேன். முதல் வாரம் ஒரு பிள்ளையும் என்கிட்ட பேசல. ரெண்டாவது வாரமும் அப்படியே, சும்மா ஓரத்துல உக்காந்து பேப்பர்ல தாயக்கட்டம் போட்டு நானே தனியா உருட்டிட்டு இருந்தேன். மூணாவது வாரம் எட்டு வயசுப் பையன் ஒருத்தன் ட்ரிப்ஸ் ஸ்டாண்ட தள்ளிட்டே வந்து, ஆன்ட்டி நீங்க தப்பா ஆடறீங்க, தாயம் விழாம காய எறக்கக்கூடாதுன்னான். போன வாரம் அவன்கிட்ட நாலு ஆட்டம் தோத்தேன், அவங்கம்மா பின்னாடி பெஞ்சுல முந்தானைய போத்திக்கிட்டு நல்லா தூங்கினாங்க. அழுதேன், படிக்கட்டுல, நீங்க சொன்ன மாதிரி. இப்ப அந்தப் படிக்கட்டுல எனக்கு முன்னாடியே ஒரு அப்பா உக்காந்திருக்காரு, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கறது இல்ல.

ஒரு சந்தேகம். அடுத்த செவ்வாய் அவனுக்கு முதுகு ஊசி, வெறும் வயிறு. என்ன எடுத்துட்டு போகட்டும்?

நடைவண்டி எழுதியது:

தாயக்கட்டமே போதும், புதுசா எதுவும் வேணாம். சாப்பாடு பேச்சு வராத மாதிரி பாத்துக்கோங்க, உங்க டிஃபன் பாக்ஸ வார்டுக்கு வெளிய வெச்சிடுங்க. மயக்கத்துலேர்ந்து எழுந்தா ஊசி போட்ட டாக்டர் சொல்ற வரைக்கும் படுத்தேதான் இருக்கணும், எழுந்து உக்காரணும்னு அடம் பிடிப்பான், தலைய தூக்காம படுத்துக்கிட்டே ஆடற ஆட்டம் ஒண்ணு யோசிச்சு வைங்க. சீக்கிரம் போங்க, எட்டு மணிக்கே வரிசை போட ஆரம்பிச்சிடுவாங்க.

வேப்பம்பூ எழுதியது:

சரிங்க்கா. ஏழரைக்கே போயிடறேன். அவங்கம்மாவுக்கு அந்த நேரத்துல கேன்டீன் திறந்திருக்குமான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கறேன்.